வில்லுக்கு வாய்ப்பூட்டு

புது நாண் போட்ட பிறகு வில்லின் சத்தம் பாதியாகக் குறைந்தது. புகார் வந்தது அதற்குப் பிறகுதான்.

இதுதான் மெஷின்காரருக்கு விளங்கவில்லை. இரண்டு வருஷமாக, குடியிருப்பின் பின்பக்கச் சந்தில் நின்று தினமும் காலை ஆறு மணிக்கு ஆறு அம்பு விடுகிறார். பழைய நாண், ஒவ்வொரு அம்பு கிளம்பும்போதும் தகர டப்பாவைச் சுத்தியலால் அடித்தமாதிரி 'டங்'கென்று அலறும். அந்த இரண்டு வருஷமும் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. போன திங்கட்கிழமை புது நாண் மாட்டினார். புதன்கிழமை கதவிடுக்கில் கடிதம் கிடந்தது.

"தாங்கள் காலையில் அம்புப் பயிற்சி செய்யும்போது எழும் சத்தம் குடியிருப்போருக்கு மிகுந்த மனவேதனை அளிக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை கூடும் கூட்டத்தில், பின்பக்கச் சந்தைப் பூட்டிவிடுவது பற்றி முடிவெடுக்கப்படும். செயலாளர், குடியிருப்போர் சங்கம்."

மனைவி அதை இரண்டு தடவை படித்தாள்.

"சத்தம்னா காது வலிக்கும், தலை வலிக்கும். மனவேதனை எப்படிங்க வரும்?"

"தலைவேதனைன்னு எழுத வந்திருப்பாரு. கை தவறியிருக்கும்."

"ரெண்டு வருஷமா வராத வேதனை இப்ப மட்டும் ஏன்?"

அது அவருக்கும் தெரியவில்லை. ஆனால் சந்தைப் பூட்டினால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். வில் வருவதற்கு முன்பு, அவர் வேலையிலிருந்து வந்ததும் வீட்டில் தட்டு பறக்கும். காபி சூடாக இருந்தால் ஒரு சண்டை, ஆறியிருந்தால் இன்னொன்று. வில் வந்த நாளிலிருந்து வீட்டில் அவர் குரல் உயர்ந்ததில்லை. காலையில் அந்த ஆறு அம்பை விட்டுவிட்டால், நாள் முழுக்கக் குழந்தைமாதிரி இருப்பார். வேறு இடத்துக்குப் போகலாமென்றால், பெரிய மைதானம் பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்தது.

"எப்படியாவது சத்தத்தை அடக்குங்க," என்றாள் மனைவி. "இன்னொரு செட் தட்டு வாங்க என்னால முடியாது."

அவர் அச்சகத்தில் நாலு கலர் மெஷின் ஓட்டுகிறவர். பத்தொன்பது வருஷம். அந்த மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவனிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டுமென்றால் அவன் காதில் வாயை வைத்துக் கத்தவேண்டும். மற்றபடி அங்கே எல்லாம் கைஜாடைதான். அந்த இரைச்சலில் ஒரு வசதியும் உண்டு. ஒரு கை தூரத்தில் நிற்கும் ஃபோர்மேனின் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அவருடைய ஏழு தலைமுறையையும் விசாரிக்கலாம். ஃபோர்மேனும் பதிலுக்குச் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போவார்.

வில்லைச் செய்து கொடுத்த வில்காரர்தான் விடும் முறையையும் சொல்லிக்கொடுத்தார். அம்பு விடுவதில் கஷ்டமான காரியம் நாணை இழுப்பதல்ல, விரலைத் தளர்த்துவது. விடவேண்டும் என்று நினைத்த நொடியில் விரல் இறுகிக்கொள்ளும். அம்பு பக்கவாட்டில் ஓடிவிடும். அதனால் அம்பை நினைக்காதே, மனசில் உள்ள ஒரு பாரத்தை நினை, அதை விடு, அம்பு தானே கூடப் போய்விடும் என்றார் வில்காரர்.

மெஷின்காரருக்கு இது கச்சிதமாகப் பொருந்திப்போனது. முதல் அம்பு ஃபோர்மேனுக்கு. இரண்டாவது, வண்டி நிறுத்தும் இடத்தில் மஞ்சள் கோடு போட்டு இவருடைய ஸ்கூட்டரின் பின்சக்கரத்தை வெளியே தள்ளிய செயலாளருக்கு. மூன்றாவது, வலிக்கவே வலிக்காது என்று சத்தியம் செய்து கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய இரண்டாம் மாடிப் பல் டாக்டருக்கு. நாலாவது, ஒரு வாரம் தங்க வந்து மூன்றாவது மாதமாகப் பின்பக்க பால்கனியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் மச்சினனுக்கு. ஐந்தாவது, அன்றன்றைக்குச் சிக்குகிறவருக்கு. ஆறாவதைப் பொதுவாக விட்டுவிடுவார். எல்லாம் மனசுக்குள்தான். ஆறும் போனபின் நெஞ்சு காலிப் பாத்திரம்போல லேசாகிவிடும்.

சத்தத்தை அடக்கும் வேலையை அவர் அன்றைக்கே ஆரம்பித்தார். ஒரு பொருள் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதில் அவருக்குத் தனிச் சந்தோஷம். மனைவியை எதிரே உட்காரவைத்துத் துணி காயப்போடும் கொடியைச் சுண்டிக் காட்டினார்.

இழுத்த வில்லில் உள்ள வேகம் முழுவதையும் அம்பு எடுத்துக்கொண்டு போவதில்லை. கொஞ்சம் மிச்சம் நாணிலேயே தங்கும். போக இடமில்லாத அந்த மிச்சம்தான் நாணை அதிரவைத்துச் சத்தமாக வெளியே வருகிறது. அதிரும் கொடியில் ஒரு ஈரத் துண்டைப் போட்டால் சட்டென்று அடங்கிவிடும் இல்லையா, அதேபோல நாணிலும் ஏதாவது ஒன்றைக் கட்டினால் அதிர்வை அது தின்றுவிடும்.

"அப்ப நடுவுல கட்டுங்க, நல்லா அடங்கும்."

"நடுவுலதான் அம்பு உட்காரும். அங்க கனம் சேர்ந்தா அம்போட வேகம் போயிடும்."

பழைய சைக்கிள் டியூபை விரல் நீளத்துக்கு நாலு பட்டையாக வெட்டினார். நாண் என்பது ஒரே கயிறு இல்லை. பத்துப் பன்னிரண்டு இழைகளை முறுக்கியது. முறுக்கைக் கொஞ்சம் தளர்த்தி, இழைகளை இரண்டாகப் பிரித்து, நடுவில் ரப்பரைச் செருகி, மறுபடி முறுக்கினார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனிகளைக் கத்தரியால் கீறிவிட்டதும் பூனை மீசை மாதிரி விரிந்துகொண்டது. மேல் நுனியிலிருந்து கால் பங்கு தூரத்தில் ஒரு மீசை, கீழ் நுனியிலிருந்து கால் பங்கு தூரத்தில் இன்னொன்று.

மறுநாள் காலை 'டங்' என்பது 'டொப்' ஆனது. அம்பு வழக்கத்தைவிட ஒரு சாண் கீழே குத்தியது, ரப்பரின் கனம். அதைப் பெரிதுபடுத்தாமல் குறியை உயர்த்திக்கொண்டார். சந்தின் கோடியில், அச்சகத்தின் கழிவுக் காகிதத்தை அழுத்திக் கட்டிய பெரிய பொதிதான் குறி. ஆறாவது அம்பும் போனதும், படி பெருக்கும் அம்மாள் துடைப்பத்தோடு சந்துக்குள் வந்தாள். தினமும் மாடிப்படியடியில் நின்று, அவர் முடிக்கும்வரை காத்திருந்து, சிரித்த முகத்தோடு பெருக்கத் தொடங்குவாள். வில்வித்தையில் அவளுக்கு இத்தனை ரசனை இருப்பது அவருக்குப் பெருமை.

"இன்னைக்கு ரொம்ப நல்லா இருந்துச்சுண்ணே."

"ரப்பர் போட்டிருக்கேன்."

"அதான் பார்த்தேன்," என்று சொல்லி மறுபடி சிரித்தாள்.

மாலையில் படியில் செயலாளர் எதிரே வந்தார். இரண்டு வருஷமாகத் தலையாட்டிப் போகிறவர், இன்றைக்குச் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார். கையிலிருந்த ஃபைலை வயிற்றுக்கு முன்னால் கேடயம்போலப் பிடித்திருந்தார். சத்தம் இப்போது பரவாயில்லையா என்று மெஷின்காரர் கேட்டதற்கு, முன்பைவிட மோசம் என்று மட்டும் சொல்லி இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிவிட்டார்.

மெஷின்காரர் அதிர்ந்துபோனார். 'டங்' போய் 'டொப்' வந்தது எப்படி முன்பைவிட மோசமாகும்?

அவர் கணக்கில் தப்பு இருக்கவேண்டும். மறுபடி கொடிக்கயிற்றிடம் போனார். சுண்டிவிட்டு உற்றுப் பார்த்தால், அதிரும் கயிற்றில் சில இடங்கள் வயிறுபோலப் புடைத்து ஆடும், சில இடங்கள் அசையாமல் நிற்கும். அசையாத இடத்தில் எதைக் கட்டினாலும் வீண். அங்கே அடக்குவதற்கு ஆட்டமே இல்லை. இரண்டு ரப்பரையும் இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் கட்டியதால், ஒன்று அசையாத இடத்தில் மாட்டினால் மற்றதும் அப்படியே மாட்டும். ஒன்றைக் கால் பங்கிலும் மற்றதை மூன்றில் ஒரு பங்கிலும் வைத்தால், ஒன்று தவறவிட்ட அதிர்வை இன்னொன்று பிடித்துக்கொள்ளும்.

இதைக் கண்டுபிடித்தபோது அவருக்கு உண்டான ஆனந்தத்தில் புகாரே மறந்துவிட்டது. ரப்பரை அவிழ்த்தார். கம்பளி நூலை இரண்டு விரலைச் சுற்றி முப்பது சுற்றுச் சுற்றி, நடுவில் இறுக்கிக் கட்டி, இரண்டு பக்கமும் கத்தரித்தார். பஞ்சு உருண்டைபோல ஆனது. ரப்பரில் பாதிக் கனம்கூட இல்லை. ஒன்றைக் கால் பங்கில், ஒன்றை மூன்றில் ஒரு பங்கில் கட்டினார்.

'டொப்' என்பது 'ஃபுப்' ஆனது. ஊதி விளக்கணைத்தால் வரும் ஓசை, அவ்வளவுதான். அம்பும் பழைய உயரத்துக்கு வந்துவிட்டது.

அன்றைக்கு வேலைக்குக் கிளம்பும்போது, பல் டாக்டர் தன் வீட்டு வாசலிலேயே இவருக்காகக் காத்திருந்தார். உங்கள் கடைவாய் இப்போது எப்படி இருக்கிறது, இன்னும் வலிக்கிறதா, வலித்தால் எந்த நேரமானாலும் கதவைத் தட்டுங்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னார். சொல்லும்போது இவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பல் பிடுங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. இத்தனை நாள் கழித்து ஒரு டாக்டர் இப்படி விசாரிப்பதை மெஷின்காரர் கேள்விப்பட்டதே இல்லை.

கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் இன்னொரு ஆச்சரியம். செயலாளர் குத்தவைத்து உட்கார்ந்து, மஞ்சள் கோட்டைக் கம்பித் தேய்ப்பானால் தேய்த்து அழித்துக்கொண்டிருந்தார். மெஷின்காரரைப் பார்த்ததும் எழுந்து, கோடு கொஞ்சம் கோணலாக விழுந்துவிட்டது என்றார்.

"அப்ப சத்தம் குறைஞ்சிடுச்சுங்களா?"

செயலாளரின் முகம் வெளிறியது. "சார், இப்பதான் ஒவ்வொண்ணும் தெளிவா கேட்குது. என் வீட்டுக்காரி சமையல்கட்டு ஜன்னலைத் திறக்கவே மாட்டேங்கிறா."

இரவு வீட்டுக்கு வந்தபோது மச்சினனின் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. மத்தியானமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டானாம். அக்காவிடம் காரணம் சொல்லவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக்கூடாதா? கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சுங்க. பால்கனியில இனிமே தூங்க முடியாதுன்னு மட்டும் சொன்னான்."

மனைவி பேக்கரியில் வேலை பார்க்கிறவள். அடுப்பு மூட்ட விடியுமுன்பே போய்விடுவாள்; அம்பு கிளம்பும் நேரத்தில் அவள் ஒருநாளும் வீட்டில் இருந்ததில்லை. அதனால் தம்பியின் தூக்கத்தைக் கெடுத்தது எவ்வளவு பெரிய சத்தம் என்பது அவளுக்குத் தெரியவில்லை. மெஷின்காரர் சுருட்டிய பாயையே பார்த்தார். நெருப்புப் பற்றி எரிந்தாலும் புரண்டு படுக்கிற மச்சினன் அவன். அவனையே ஒரு 'ஃபுப்' எழுப்பி விரட்டியிருக்கிறது.

வில்காரருக்கு போன் போட்டார். ரப்பர், கம்பளி, கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு எல்லாவற்றையும் ஒப்பித்தார். வில்காரர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"எல்லாம் சரியாத்தானே செஞ்சிருக்கீங்க. சத்தம் யாருக்குக் கேட்குதாம்?"

"மாடியில இருக்கிறவங்களுக்கு."

"உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணுமே கேட்கலை."

"அப்ப கேட்கிறவங்ககிட்டயே போய், என்ன கேட்குதுன்னு கேளுங்க."

நாணைத் தொட்டுப் பார்க்காத செயலாளரிடம் போய் நாணைப் பற்றிக் கேட்பதா என்று மெஷின்காரருக்குத் தோன்றியது. அதை விட்டுவிட்டுக் கம்பளிக்கு மேலே என்ன இருக்கிறது என்று விசாரித்தார். முடியோடு பதப்படுத்திய மயிர்த்தோல் இருக்கிறது என்றார் வில்காரர். மெல்லிய பட்டையாக வெட்டி நாணின் இழைகளுக்கு நடுவே பாம்புபோலச் சுற்றிவிட்டால், அதற்கு மேல் அடக்க உலகத்தில் எதுவும் இல்லை. கம்பளிபோலத் தண்ணீர் குடிக்காது என்பது கூடுதல் லாபம். அது உண்மைதான், அன்று காலைப் பனியில் நனைந்த கம்பளி உருண்டை, அம்பு விட்டதும் மெஷின்காரரின் முகத்தில் பன்னீர் தெளித்திருந்தது.

மயிர்த்தோலுக்கு எங்கே போவது? அலமாரியில் மனைவியின் குளிர்காலக் கோட்டு தொங்கியது. அதன் காலரில் நல்ல அடர்த்தியான மயிர்த்தோல். அவள் அதைப் போட்டு நாலு வருஷம் ஆகிறது என்பது அவர் ஞாபகம். போன வாரம்தான் போட்டாள் என்பது கத்தரி வைத்த பிறகு தெரிந்தது.

சனிக்கிழமை மாலை கோட்டை விரித்துப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கழுத்து இல்லாத கோட்டு அவள் மடியில் கிடந்தது.

"இது எங்கங்க?"

"நாண்ல இருக்கு. பாரேன், எவ்வளவு நல்லா உட்கார்ந்திருக்குன்னு."

அவள் பார்த்தாள். பட்டை நாணைச் சுற்றி வழவழவென்று மின்னியது.

"இந்தக் கோட்டை இனிமே எதுக்கு வெச்சிருக்கணும்னு மட்டும் சொல்லுங்க," என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

குடும்பத்துக்காகத்தானே இத்தனை பாடு, ஒரு காலருக்காகவா இந்தக் கோபம் என்று அவருக்குள் உறுத்தியது. அதை அப்படியே மறுநாள் காலைக்கு எடுத்து வைத்துக்கொண்டார். ஐந்தாவது அம்புக்கு ஆள் கிடைத்துவிட்டது.

மிச்ச வேலையையும் இரவுக்குள் முடித்தார். நாண் வந்து தட்டும் வில்லின் வளைவில் கம்பளித் துணி ஒட்டினார். அம்புகளின் முனையைக் கனமானதாக மாற்றினார். கனத்த அம்பு வில்லின் வேகத்தை அதிகமாக எடுத்துக்கொண்டு போகும், நாணுக்கு மிச்சம் குறையும், சத்தமும் குறையும். பெரிய கலவரத்தில் கடைசிக் கதவையும் சாத்தியதுபோல ஒரு நிறைவு. அம்பில்லாமல் நாணை விட்டுப் பார்த்துவிடலாமா என்று ஒரு கணம் ஆசை வந்தது. அதை மட்டும் செய்யக்கூடாது. அம்பு கொண்டுபோக வேண்டிய வேகம் முழுவதும் வில்லிலேயே இறங்கிக் கட்டை பிளந்துவிடும்.

"மனுஷனும் இதே கதைதான்," என்றார், உள்ளே படுத்திருந்தவளுக்குக் கேட்கும்படி. "வெளியே விடலைன்னா உள்ளேயே பிளந்துடும்."

வில்லைச் சுவரில் சாய்த்துவிட்டு விளக்கை அணைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கூட்டம் சந்திலேயே கூடியது. பேசி முடிவெடுப்பதற்கு முன்பு எல்லாரும் ஒருதடவை காதால் கேட்டுவிடட்டும் என்று மெஷின்காரர்தான் வேண்டிக்கொண்டார். அவருக்குப் பின்னால் மாடிப்படியடியில் செயலாளர், ஃபைலோடு. பல் டாக்டர் இரவு உடையில். விடுமுறை நாள் என்பதால் மனைவியும் வந்திருந்தாள். இரண்டு வருஷத்தில் அவர் அம்பு விடுவதை அவள் பார்க்கப்போவது இதுதான் முதல் தடவை. தம்பியை ஓட்டிய சத்தம் என்னதான் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றாள். படி பெருக்கும் அம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, முன்வரிசையில் இடம் பிடித்திருந்தாள்.

மெஷின்காரர் எல்லாரையும் மறந்து காகிதப் பொதியை மட்டும் பார்த்தார். நாணை இழுத்தார். ஃபோர்மேனை நினைத்தார். விரல் தானே தளர்ந்தது.

ஒன்றுமே கேட்கவில்லை. அம்பு பொதியின் நடுவில் இருந்தது. இரண்டாவது அதன் பக்கத்தில். மூன்றாவது. நாலாவது. ஐந்தாவது, அவர் வாழ்நாளில் விட்ட அம்புகளிலேயே அழகானது; நட்டநடுவில் இறகு வரைக்கும் புதைந்தது. ஆறாவதையும் பொதுவாக விட்டுவிட்டு, நெஞ்சு காலியாகி, சிரித்த முகத்தோடு திரும்பினார்.

செயலாளரின் ஃபைல் கீழே விழுந்து காகிதங்கள் சிதறிக் கிடந்தன. அவர் குனியவில்லை, இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டிருந்தார். பல் டாக்டர் தன் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவியின் வாய் திறந்தபடியே இருந்தது. வில்லை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

"கேட்டுச்சா?" என்றார் பெருமையாக.

"எல்லாமே கேட்டுச்சு," என்றார் செயலாளர், ஈனக்குரலில்.

மெஷின்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மயிர்த்தோல், கம்பளித் துணி, கனத்த அம்பு. இதற்கு மேலும் கேட்கிறதென்றால் இது வில்லே இல்லை, பேய். மனைவியைப் பார்த்தார், அவளாவது இல்லை என்று சொல்வாள் என்று.

"நான் அந்தக் காலரைப் பத்தி ஒரே ஒரு வார்த்தைதானே கேட்டேன்?" என்றாள் அவள். "அதுக்கு, எங்க அப்பா வரைக்குமாங்க போகணும்?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வில்லைக் காதருகே வைத்துப் பார்த்தார். நாணை விரலால் தட்டினார். மாமனாரை நினைத்தது தன் மனசுக்கு மட்டும் தெரிந்த விஷயம். இவளுக்கு எப்படித் தெரிந்தது? இன்னும் எதைக் கட்டலாம் என்று நாணையே மேலும் கீழும் தடவினார்.

படி பெருக்கும் அம்மாள்தான் பொறுக்கமாட்டாமல் முன்னால் வந்தாள். துடைப்பத்தின் பிடியால் மயிர்த்தோல் பட்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"அண்ணே, இதெல்லாத்தையும் அவுத்துட்டுப் பழைய நாணையே மாட்டிடுங்க. அது டங்கு டங்குன்னு அடிச்சாத்தான், ஒவ்வொரு அம்பு விடும்போதும் நீங்க யாரை என்ன சொல்லித் திட்டுறீங்கன்னு மாடிக்குக் கேட்காது."